வெட்டியெடுத்த மூச்சு

முகத்தைக் கடலுக்கும் முதுகை உப்பளத்துக்கும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புன்னைத்துறை என்கிற ஊரில், மாதா கோயில் தெருவில், கோயிலிலிருந்து மூன்றாவது வீட்டில், இமெல்டா மச்சாது என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் ஒரு பியானோ இருந்தது, ஒரு வாய் இருந்தது, ஒரு புருஷன் இருந்தார், மூன்றில் புருஷன்தான் முதலில் போனார்.

உப்புக் கம்பெனியின் எடைமேடையில் முப்பத்தாறு வருஷம் நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவுக்கு வயலின் வாசித்து, பெண்டாட்டி பேசும்போது குறுக்கே பேசாமலிருக்கப் பழகிய கஸ்பார் மச்சாது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாதி முகம் சவரம் செய்து, மீதிப் பாதியில் நுரை காயாமலிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்து முடிந்துபோனார். மீதிப் பாதியை இமெல்டாதான் வழித்துவிட்டாள். "இதைக்கூட முழுசா முடிக்கத் தெரியாது இந்த மனுசனுக்கு" என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்ட பெண்கள், இவளுக்கு நெஞ்சுக்குப் பதில் அம்மிக்கல் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவள் அழவில்லை என்பது உண்மைதான். கான்வென்டில் மதர் பெர்னதெத் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவை மூன்று: மணிக்கட்டைத் தொங்கவிடாமல் பியானோ வாசிப்பது, முழங்கையை மேசையில் ஊன்றாமல் சாப்பிடுவது, மூக்கை உறிஞ்சாமல் இருப்பது. மூக்கை உறிஞ்சாமல் யாரால் அழ முடியும்?

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கொழுந்தன்மார் ஏப்பம் விட்டுக் கிளம்பிய பிறகு, பக்கத்து வீட்டு டெல்பின் மட்டும் பாத்திரம் கழுவ நின்றிருந்த மத்தியானத்தில், இமெல்டா கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துத் தூசி தட்டி, ரிக்கார்டு பிளேயரில் வைத்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வாசித்து, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மதராசில் பதிவு செய்த ஒரே தட்டு அது. செத்து நூற்றைம்பது வருஷமான ஜெர்மன்காரர் ஒருவர் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டா. முந்நூறு தட்டு அடித்தார்கள். நூற்றுச் சொச்சம் கல்யாணப் பரிசாகவும் ஞானஸ்நானப் பரிசாகவும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது, மீதி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மதராஸ் இங்கிலீஷ் பேப்பரில் ஒருவர் நாலு வரி எழுதினார்: வயலின் கதை சொல்கிறது, பியானோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று. அந்த 'மரியாதையாக' என்ற வார்த்தையை இமெல்டா இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அவள் தட்டை எடுத்தது சொனாட்டாவுக்காக இல்லை. மூன்றாம் பாகத்தின் கடைசிச் சுரம் அடங்கிய பிறகு, இஞ்சினியர் மறதியாக ஓடவிட்ட நாலு வினாடியில், கஸ்பாரின் குரல் இருந்தது. "கை வலிக்குதா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அவருடைய குரல் இந்த உலகத்தில் வேறெங்கேயும் இல்லை. கல்யாணத்தை யாரும் பதியவில்லை, செல்போனை அவர் தொடவில்லை, கோயிலில் அவர் வாசித்தாரே தவிரப் பாடியதில்லை. இருபத்தேழு வருஷமாகப் பதிவில் ஒரு கறை என்று அவள் திட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு வார்த்தை, இப்போது அவளுக்கு மிச்சமிருக்கிற புருஷன்.

முதல் பாகம் ஓடியது. இரண்டாம் பாகம், மெதுவான பாகம், ஓடியது. அதன் கடைசியில் வயலின் ஒரு நீளமான சுரத்தை இழுத்து, மெலிந்து, நிற்கும். இசைத்தாளில் அந்த இடத்தில் ஒரு புருவமும் அதற்குக் கீழே ஒரு புள்ளியும் போட்டிருக்கும். இங்கே நில் என்று அர்த்தம், எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்காது. பிறகு பியானோ மெல்ல உள்ளே வந்து, மூன்றாம் பாகத்துக்குக் கதவைத் திறக்கும். அன்றைக்கு வயலின் நின்றது. பியானோ வரவில்லை. முள் பள்ளத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது, தட்டு சுற்றிக்கொண்டேயிருந்தது, அடுப்படியில் டெல்பின் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. இமெல்டா எண்ணினாள். நாற்பது எண்ணும்போது பியானோ உள்ளே வந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"என்ன மைனி, தட்டு தூங்கிட்டா?" என்று ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள் டெல்பின்.

"பழசு. முள் மழுங்கியிருக்கும்" என்றாள் இமெல்டா. அந்தப் பேச்சிலேயே மூன்றாம் பாகம் ஓடிக் கடைசிச் சுரம் அடங்கி, கஸ்பார் கை வலிக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் அந்த நிறுத்தம் கால் மணி நேரம் ஆனது. அதற்கு மறுநாள் அரை மணி. புது முள் போட்டாள், அப்போதும் அப்படியே. கட்டிலடியிலிருந்து வேறு தட்டைப் போட்டாள், அதுவும் அப்படியே; ஒரு தட்டில் கேட்டால் எல்லாத் தட்டிலும் நீண்டது, எல்லாத் தட்டும் ஒரே ஆளுக்காகக் காத்திருப்பது மாதிரி. முள்ளைத் தூக்கி மூன்றாம் பாகத்தில் வைத்துப் பார்த்தாள், வெறும் இரைச்சல். இன்னும் வராத சத்தத்தை எந்த முள்ளாலும் எடுக்க முடியாது. எடுத்த முள்ளைத் திரும்ப முதலிலிருந்து வைத்தால் நிறுத்தம் இன்னும் நீளும். இந்தச் சட்டமெல்லாம் ஒரு வாரத்துக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. டெல்பினுக்கும் புரிந்துவிட்டது. டெல்பினுக்குப் புரிந்தால் தெருவுக்குப் புரிந்த மாதிரி.

புன்னைத்துறைக்காரர்கள் ஆச்சரியப்படுவதில் நேரத்தைச் செலவழிக்கிறவர்கள் இல்லை. ஒரு வருஷம் கடல் உள்வாங்கிப்போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள். என்ன, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார்கள். நிறுத்தம் ஒரு மணி நேரமாக இருந்தபோது தெருப் பெண்கள் அதை நம்பிச் சோறு வைத்தார்கள், மூன்று மணி நேரமானபோது அதற்குள் மாவாட்டினார்கள், ஒரு நாளானபோது துணி துவைத்துக் காயவைத்து மடித்து வைத்தார்கள். பியானோ எந்த நிமிஷம் வரும் என்று தெரியாததால் அந்தக் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசக் கூடாது என்று ஒரு பழக்கம் தானாக வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கத்தின் அருமை முதலில் மருமகள்களுக்குத்தான் விளங்கியது. மாமியார்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்து, தாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத அமைதியை அனுபவித்தார்கள். பாகப்பிரிவினையில் முகம் பார்க்காமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு மூலையில் உட்கார்ந்து இரண்டு நாள் ஒன்றும் பேச முடியாமல் போனதில், மூன்றாம் நாள் காப்பிக் குவளையைக் கைமாற்றிக்கொண்டார்கள். மின்சார வாரியத்து லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் வாசலில் வந்து, கையாலேயே, நிறுத்தவா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனான். பங்குச்சாமி பிரசங்கத்தை ஏழு நிமிஷத்தில் முடித்தார். மச்சாது வீட்டுக் கூடத்தோடு போட்டி போட முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

எல்லாரையும் மிஞ்சினவன் மீன் ஏலக்காரன் சவரியான். முப்பது வருஷமாகக் கடற்கரையில் தொண்டை கிழியக் கத்துகிறவன், கத்தாத இடத்தின் ருசி கண்டுவிட்டான். ஞானஸ்நானத்துக்குக் கிடைத்த தட்டை அவன் அம்மா இட்லிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். அதைக் கழுவி எடுத்து, ஒரு பிளேயரும் தேடிப் பிடித்து, தன் வீட்டு நிறுத்தத்தையும் மச்சாது வீட்டு நிறுத்தத்தையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"நம்ம வீட்டுத் தட்டுல அந்த வயலின் கடைசியா இழுக்காருல்லா, அதுல கொஞ்சம் ஆவி அடிச்சிருக்கு. அதனால நிறுத்தத்துல ஒரு மெத்துன்னு இருக்கு. ஒங்க வீட்டுல அது கறாரா இருக்கு மைனி."

"ஆமா, ஒன் வீட்டுத் தட்டுல இட்லி வெந்திருக்கு. எந்திச்சிப் போல" என்றாள் இமெல்டா.

"கோவப்படாதிய. ரசனைன்னு ஒண்ணு இருக்குல்லா."

ரசனை! கஸ்பாரும் அதைத்தான் சொல்வார், இத்தனை வார்த்தை இல்லாமல். கல்யாணமான புதிதிலேயே அந்தப் புருவத்தையும் புள்ளியையும் வைத்து இரண்டு பேருக்கும் சண்டை. நாலு எண்ண வேண்டும் என்பாள் இமெல்டா. நாலு எண்ணுவதுதான் கண்ணியம் என்று மதர் பெர்னதெத் சொல்லியிருக்கிறார். "எவ்வளவுன்னு அவரு எழுதலியே இமெல்டா, நம்மகிட்டல்லா விட்டுட்டுப் போயிருக்காரு" என்பார் கஸ்பார். அவர் எண்ண மாட்டார். வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னல் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் மூன்று, சில நாள் ஒன்பது. பிறகு சளி பிடித்த குதிரை மாதிரி மூக்கால் ஒரு மூச்சு உறிஞ்சுவார். அந்த மூச்சுதான் அவளுக்கு அடையாளம். அது கேட்டதும் அவள் கை தானாகக் கட்டையில் இறங்கும். வீட்டில் பத்து வருஷம் அப்படித்தான் வாசித்தார்கள், ஒரு நாளும் பிசகினதில்லை.

மதராசில், ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் அந்த மூச்சை முதல் முறை வெளியிலிருந்து கேட்டபோது, அவளுக்கு உடம்பு கூசியது. கஸ்பார் டீ குடிக்கப் போயிருந்தார். "இதை வெட்டிருங்க" என்றாள் இஞ்சினியரிடம். வரதன் என்று அவருக்குப் பெயர், நல்ல மனிதர். இருக்கட்டும்மா, உயிர் மாதிரி இருக்கிறது, என்று சொல்லிப் பார்த்தார். "எங்க வீட்டு மூக்கை ஊர் கேக்க வேண்டாம்" என்றாள் இமெல்டா. அவர் பிளேடை எடுத்து ஒரு சாண் நாடாவை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டிவிட்டார். தட்டு வந்ததும் கஸ்பார் ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டார். அந்த இடம் வந்தபோது தலையைத் தூக்கினார். "சுத்தமா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த சொனாட்டாவை அவர் அவளோடு வாசிக்கவே இல்லை. பாட்டுப் பூசைக்கு வாசித்தார், மாதா கீர்த்தனை வாசித்தார், கேட்டபோதெல்லாம் கை அசதி என்றார்.

ஆகவே, டெல்பின் ஒருநாள் லேசுப் பின்னலை மடியில் போட்டுவிட்டு, "மைனி, அந்தப் பியானோ யாரோ சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காப்ல இருக்கு" என்று காதோடு சொன்னபோது, இமெல்டாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டுக்குள் முப்பத்தைந்து வயசு இமெல்டா கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு வந்தால் இறங்குவாள். மூச்சை வெட்டியாகிவிட்டது. கஸ்பார் உயிரோடு இருந்தவரை எங்கேயாவது, எடைமேடையிலோ கோயிலிலோ, அந்த மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதை வைத்து அவள் எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறாள். இப்போது எங்கேயும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாள். பங்குச்சாமி மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் பத்துக் கட்டளையையும் விரல்விட்டு எண்ணினார்.

"இது எந்தக் கட்டளையிலம்மா வரும்? களவா, கொலையா?"

"ஒங்களுக்கே தெரியலன்னா நான் எதுக்கு இங்க முழங்கால் போட்டுக் கெடக்கேன்?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

சாமி வெளியே சொல்ல மாட்டார். டெல்பினிடம் சொல்லாமலிருக்க இமெல்டாவால் முடியவில்லை. அடுத்த வாரமே ஊர் மூக்கும் கையுமாக வந்துவிட்டது. பிளேயருக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, வரிசை வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து உறிஞ்சினார்கள். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சினார்கள். பொடி போடுகிறவர்கள் தும்மி வரிசையைக் கெடுத்தார்கள். முத்துக்குளிக்கப் போன காலத்தில் மூச்சுக்குப் பேர்போனவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். அவர் உறிஞ்சியதில் சன்னல் திரை உள்ளே வந்தது, பியானோ வரவில்லை. பாடகர் குழுவில் கஸ்பாரின் இடத்துக்கு வந்த வயலின்காரர், அதே வில்லைப் பிடித்துக்கொண்டு, அதே சன்னலைப் பார்த்துக்கொண்டு உறிஞ்சினார். சவரியான் மூன்று தரம் உறிஞ்சிவிட்டு, "என்னுதுல பாவம் கூடிப்போச்சோ?" என்று கேட்டான். கடைசியில் நிறுத்தம் தானாகவே தீர்ந்து பியானோ உள்ளே வந்தபோது ஈஸ்டர் திங்கட்கிழமை. விபூதிப் புதன் அன்று வைத்த முள். கஸ்பார் கை வலிக்கிறதா என்று கேட்டபோது கூடத்தில் எழுபது பேர் இருந்தார்கள். எழுபது பேரும் அந்த இரண்டு வார்த்தையைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, தவக்காலம் முடிந்ததென்று கறி வாங்கப் போனார்கள்.

அப்போதுதான் இமெல்டா கூட்டிப் பார்த்தாள். வயசு அறுபத்திரண்டு. அடுத்த தரம் மூன்று மாசம் ஆகும். அதற்கடுத்து ஆறு, பிறகு ஒரு வருஷம், இரண்டு, நாலு, எட்டு. இன்னும் நாலைந்து தடவை கேட்கலாம். அதற்கப்புறம் வைக்கிற முள் அவளைத் தாண்டிப் போய்விடும்.

அவள் மதராசுக்கு ரயில் ஏறினாள். வரதன் இருந்தார், காது மந்தமாகி, மகள் வீட்டு மாடியில், துளசித் தொட்டிகளுக்கு நடுவில் இருந்தார். இவளை நினைவில்லை, அந்த மூச்சு நினைவிருந்தது.

"வெட்டின துண்டையெல்லாம் நான் கழுத்துல போட்டுப்பேம்மா. தேவைப்பட்டா திரும்ப ஒட்டலாமேன்னு. சாயங்காலம் குப்பைல போட்டுருவேன்."

"இதையும் போட்டுட்டீங்களா?"

"அதை மட்டும் போடலை." அவர் சிரித்தார். "மறுநாளே ஒரு தைல விளம்பரம் வந்தது. மூக்கடைப்புத் தைலம். போட்டதும் ஒருத்தன் நல்லா மூச்சை உள்ள இழுக்கணும். எத்தனையோ நடிகர்களை இழுக்கச் சொல்லிப் பாத்தோம், எல்லாம் பொய். ஒங்க வீட்டுக்காரர் மூச்சை ஒட்டினேன். மூணு வருஷம் ரேடியோல ஓடுச்சே, கேட்டதில்லையா? சாயங்காலச் செய்திக்கு முன்னாடி?"

இமெல்டா கேட்டிருந்தாள். புன்னைத்துறை முழுக்கக் கேட்டிருந்தது. தினமும் அந்த விளம்பரம் வரும்போது கஸ்பார் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். மனிதருக்கு அந்தத் தைலத்தின் மேல் ஆசையாக்கும் என்று நினைத்து, அவள் மூன்று குப்பி வாங்கி அலமாரியில் வைத்தாள். அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, ஏன் வாங்கினாய் என்றும் கேட்கவில்லை.

"அந்த விளம்பர நாடா?"

"அதுமேல தேர்தல் பாட்டுப் பதிஞ்சாங்க. அதுமேல பக்திப் பாட்டு. அப்புறம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கம்பெனியும் இல்ல, தைலமும் இல்ல." பிறகு, போகிறவளைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாத விஷயத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னார்: "அவருக்குத் தெரியும்மா. டீ குடிச்சுட்டு வந்து, என் கழுத்தைப் பாத்துட்டு, இதுல எது என் மூச்சுன்னு கேட்டார். காட்டினேன். தொட்டுப் பாத்துட்டு, சரி இருக்கட்டும்னுட்டார்."

இமெல்டா திரும்பி வந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து முள்ளை வைத்தாள். வயலின் இழுத்து, மெலிந்து, நின்றது.

ஊர் பழையபடி வந்து உட்கார்ந்தது. இந்தத் தரம் மூன்று மாசம் என்று கேள்விப்பட்டதும் அவர்களுக்குச் சந்தோஷம். நல்லது நீளமாக இருந்தால் யாருக்குக் கசக்கும்? பங்குப் பேரவை பாய் வாங்கிப் போட்டது, மின்வெட்டுக்கு பேட்டரி வைத்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், தூக்கம் வராதவர்கள், பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்கள், எல்லாரும் அவள் புருஷன் இல்லாத இடத்தில் பாய் விரித்துச் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நிறுத்தம் போதுமாக இருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் அதற்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தது.

"ஏன் மைனி ஒரு மாதிரியா இருக்கிய? பதறாதிய, எப்பிடியும் வரும்லா. வராட்டாலும் இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றான் சவரியான், கண்ணை மூடிக்கொண்டே.

"ஒனக்கு நல்லா இருக்கும்ல. ஒனக்கென்ன, ஏலத்துக்குப் போட்ட மீனா அங்க கெடக்கு?"

கூடம் மொத்தமும் 'உஸ்' என்றது. அவள் வீட்டில், அவள் கூடத்தில், அவளை.

ஐம்பத்தோராம் நாள் மத்தியானம், டெல்பின் பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று உதட்டைக் கடித்துவிட்டுச் சொன்னாள்.

"மைனி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. ஊர்ல பொறந்த மூக்கெல்லாம் உறிஞ்சிப் பாத்தாச்சு. நீங்க ஒராள்தான் பாக்கி."

"நான் எதுக்குட்டி உறிஞ்சணும்? நான் பியானோ. வயலின்தான் மூச்சு விடணும், பியானோ கேக்கணும்."

"கேக்க வேண்டிய நேரத்துல கேட்டியளா?"

டெல்பின் இந்த மாதிரிப் பேசி யாரும் கேட்டதில்லை. சொன்னவளே பயந்துபோய் ஊசியைத் தேடுகிறவளைப் போலத் தலையைத் தடவிக்கொண்டாள். இமெல்டாவுக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கையிருப்பில் இல்லாத சரக்கு. ஐம்பத்தோரு நாள் அவள் பொறுத்ததையே மதர் பெர்னதெத் நம்பியிருக்க மாட்டார். எழுந்தாள். பாய்களைத் தாண்டி, கால்களைத் தாண்டி, பிளேயருக்கு முன்னால் போய் நின்றாள். நாற்பத்தைந்து பேர் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக, கான்வென்டையும் கண்ணியத்தையும் காற்றில் விட்டுவிட்டு, மூக்கால் உறிஞ்சினாள். அழகாக இல்லை. சளி பிடித்த குதிரை மாதிரித்தான் இருந்தது; பத்து வருஷம் பக்கத்திலிருந்து கேட்ட காது, அளவு தப்பவில்லை.

பியானோ உள்ளே வந்தது.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்குவதற்குள், முதலில் கண்ணைத் திறந்தவன் சவரியான். ஏதோ குறைகிறது என்று அவனுக்குத்தான் முதலில் பட்டது. பியானோ கதவைத் திறந்தது, மூன்றாம் பாகம் தொடங்கியது, வயலின் நுழைய வேண்டிய வரி வந்தது, வயலின் நுழையவில்லை. பியானோ நிற்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் கேள்வி இல்லாமலே பதில் சொல்லிக்கொண்டு, வழிவிட வேண்டிய இடங்களில் யாருமில்லாத வழிக்கு ஒதுங்கி நின்றுகொண்டு, ஒரு பிசகில்லாமல், மணிக்கட்டைத் தொங்கவிடாமல், சுத்தமாக வாசித்துக்கொண்டே போனது. தன் கை எவ்வளவு மரியாதையாக வாசித்திருக்கிறது என்பதை இமெல்டா அன்றைக்குத்தான் கேட்டாள். இத்தனை மாசமாக வயலின் அந்த நிறுத்தத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தன் மூச்சை யாராவது தன்னிடம் கொடுப்பார்களா என்று. இவள் அதைத் தன் மூக்கிலிருந்து எடுத்துத் தன் கைக்கே கொடுத்துவிட்டாள்.

கடைசிச் சுரம் அடித்தது. அடங்கியது. நாற்பத்தைந்து பேரும் அந்த இரண்டு வார்த்தைக்காக, இந்தத் தரம் உண்மையாகவே, காத்திருந்தார்கள். இரண்டு வார்த்தை நீளத்துக்கு இரைச்சல் ஓடியது. பிறகு, இத்தனை தடவை கேட்டும் யாரும் கவனித்திராத ஒரு சத்தம், எப்போதும் கஸ்பாரின் குரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சத்தம், தெளிவாகக் கேட்டது. முப்பத்தைந்து வயசு இமெல்டாவின் குரல்.

"ஷ்! மிஷின் ஓடுது."

முள் கடைசிப் பள்ளத்தில் விழுந்து தானாகத் தூக்கிக்கொண்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாய்களைச் சுருட்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வாசலில் தனித்தனியாக வெளியே போனார்கள். சவரியான் செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிலிருந்து திரும்பி, "இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாம் மைனி" என்றான். அவன் ரசனையைப் பற்றிப் பேசியதில் அது ஒன்றுதான் சரி.

அப்புறம் எந்தத் தட்டைப் போட்டாலும் நிறுத்தம் நாலு எண்ணும் நேரம்தான், எண்ணி வைத்த மாதிரி. ஊர் தன் வீட்டுத் தட்டுகளை அந்த நிறுத்தம்வரை மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, இது எந்த ஊரிலும் கிடைக்கிற சாதாரணத் தட்டு என்று பரணில் ஏற்றியது. கூடத்தில் கற்றுக்கொண்ட மௌனத்தைத் தெருவில் யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை. மாமியார்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள், பங்குச்சாமியின் பிரசங்கம் நாற்பது நிமிஷத்துக்குத் திரும்பியது, லைன்மேன் கேட்காமலே கரண்டை நிறுத்தினான். மச்சாதுவின் பெண்டாட்டிதான் அவசரப்பட்டுக் கெடுத்தாள் என்று மீன் வாங்குகிற இடத்தில் அவள் காதுபடவே பேசினார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இமெல்டாவுக்குத் தெரிந்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாவது தடவை போட்டபோது, மெதுவான பாகத்தின் கடைசி வரியில் வயலின் இல்லை. மூன்றாவது தடவை, அதற்கு முந்தின வரியிலும் இல்லை. போடப்போட கஸ்பார் ஒவ்வொரு வரியாகப் பின்னால் நடந்து, நிறுத்தத்திலிருந்து மெதுவான பாகத்துக்கும், அங்கிருந்து முதல் பாகத்துக்கும், அங்கிருந்து தட்டின் ஓரத்துக்குமான வழியில் போய்க்கொண்டிருந்தார், அவசரமில்லாமல், கோபமுமில்லாமல், எடைமேடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற மனிதர் மாதிரி. ஏழாவது தடவையோடு அவள் நிறுத்திக்கொண்டாள். இன்னும் முதல் பாகம் முழுசும், மெதுவான பாகத்தில் ஒரு பக்கமும் பாக்கி இருந்தன.

டெல்பின் மட்டும் வழக்கம்போல மூன்று மணிக்குப் பின்னலோடு வந்தாள், செருப்பை ஓரமாக விட்டாள், மூடியிருந்த பிளேயரைப் பார்த்தாள்.

"மைனி, இன்னிக்குப் போடலியா?"

"போட்டா தீந்துரும்ட்டி" என்றாள் இமெல்டா.